நகரமா, கிராமமா? கோலார் தங்கவயல் சொல்லும் பாடம்

நகரம் என்றதும் நம் மனதில் என்ன தோன்றுகிறது? உயரமான கட்டடங்கள். பெரிய கடைவீதி. ஓயாத பேருந்துச் சத்தம். இரவிலும் அணையாத விளக்குகள்.

கிராமம் என்றதும் என்ன தோன்றுகிறது? வயல், ஏரி, ஆடு மாடு. தெருவில் யார் வந்தாலும், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் பெரியவர்கள்.

இரண்டையும் எளிதாகப் பிரித்துவிடலாம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் சில ஊர்கள் அப்படிப் பிரிக்க இடம் கொடுப்பதில்லை. கர்நாடக மாநிலத்தில் உள்ள கோலார் தங்கவயல் அப்படிப்பட்ட ஊர். கே.ஜி.எஃப். என்றும் அதைச் சொல்வார்கள். பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் மிகுதி. கன்னடமும் தெலுங்கும் உருதுவும் தெருவில் கேட்கும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். ஆனாலும் முதல் முறையாக வருகிறவர்கள், "இது பெரிய கிராமம் போல இருக்கிறதே!" என்கிறார்கள். ஏன் அப்படித் தோன்றுகிறது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

அரசாங்கம் எப்படிப் பிரிக்கிறது?

பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுப்பது நம் நாட்டின் வழக்கம். அந்தக் கணக்கில் ஊர்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. ஒன்று ஊரகம், அதாவது கிராமப்புறம். மற்றொன்று நகர்ப்புறம்.

நகரசபை, மாநகராட்சி போன்ற அமைப்பு உள்ள ஊர் நகர்ப்புறம் ஆகும். அப்படி அமைப்பு இல்லாத ஊரையும் நகரமாகக் கணக்கில் எடுப்பதுண்டு. அதற்கு மூன்று அளவுகள் உண்டு.

முதல் அளவு, குறைந்தது 5,000 மக்கள் இருக்க வேண்டும்.

இரண்டாவது அளவு, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வாழ வேண்டும்.

மூன்றாவது அளவு, வேலை செய்யும் ஆண்களில் 100-க்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது அளவைக் கவனியுங்கள். கட்டடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறது. நகரத்தைப் புரிந்துகொள்ள இது நல்ல வழி.

கோலார் தங்கவயலில் நகரசபை உண்டு. மக்கள் மிகுதி. அங்கு வந்தவர்கள் உழுவதற்காக வரவில்லை. சுரங்க வேலைக்காக வந்தார்கள். ஆகவே கணக்குப்படி அது நகரம்தான். அதில் சந்தேகம் இல்லை.

தங்கம் கட்டிய ஊர்

150 ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் பாறையும் புதரும் நிறைந்த காடாக இருந்தது. அங்கு மண்ணில் தங்கம் உண்டு என்பது பழங்காலம் முதலே தெரியும். மக்கள் மண்ணை அலசித் தங்கத்துகள் எடுத்து வந்தார்கள். 1802-இல் வாரன் என்ற ஆங்கில அதிகாரி இதை நேரில் பார்த்து எழுதி வைத்தார்.

1870-களில் லவேல் என்பவர் மைசூர் அரசிடம் தங்கம் தோண்ட அனுமதி பெற்றார். அவர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1880-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதன் பிறகுதான் ஆழமான சுரங்கங்கள் தோண்டப்பட்டன.

தோண்டுவதற்கு ஆள் வேண்டும். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் வந்தார்கள். மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தார்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் வந்தார்கள். சாதியின் பேரால் ஒடுக்கப்பட்டவர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள்.

சுரங்கம் நன்றாக நடந்த காலத்தில் ஏறத்தாழ 30,000 பேர் அங்கு வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. 120 ஆண்டுகளில் அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

பெங்களூருக்கு முன்பே மின்சாரம்

நகரத்தின் அடையாளம் என்று நாம் எவற்றைச் சொல்கிறோம்? ரயில், மின்சாரம், குழாய்த் தண்ணீர், மருத்துவமனை. இவை எல்லாம் கோலார் தங்கவயலுக்கு மிகவும் முன்பே வந்துவிட்டன.

1894-இல் பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் பாதை போட்டார்கள். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்தார்கள். 1902-இல் அந்த மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. அதிகாரிகளுக்குப் பெரிய பங்களாக்கள் இருந்தன. விளையாட்டு மைதானமும் கிளப்பும் இருந்தன. "குட்டி இங்கிலாந்து" என்றே அந்த இடத்தைச் சொன்னார்கள். தொழிலாளர்கள் வாழ்ந்ததோ மூங்கில் தட்டி வீடுகளில்.

ஒரே ஊரில் ஒரு பக்கம் நகரம் இருந்தது. மறுபக்கம் குடிசை இருந்தது. விளக்கு வந்தால் மட்டும் ஊர் நகரம் ஆகிவிடாது. அந்த விளக்கு யார் வீட்டில் எரிகிறது என்றும் கேட்க வேண்டும்.

நகரத்துக்குள் பல கிராமங்கள்

தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. அவற்றை "லைன்" என்று சொல்வார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பக்கத்தில் லைன்கள் இருந்தன. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல் என்று அவை பரவிக் கிடந்தன. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடைவீதிகள் வளர்ந்தன.

சாதாரணமாக ஒரு நகரம் எப்படி வளரும்? நடுவில் சந்தை இருக்கும். அதைச் சுற்றி வீடுகள் நெருங்கும். காலி மனைகள் நிரம்பும். தங்கவயல் அப்படி வளரவில்லை. சுரங்கம் எங்கே இருந்ததோ அங்கே வீடு வந்தது. இடையில் சுரங்க நிலம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெற்று நிலத்தில் இன்றும் ஆடு மாடு மேய்கிறது. ஒரு லைனிலிருந்து அடுத்த லைனுக்குப் போகிறவருக்கு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது போலத் தோன்றும். ஊர் கிராமம் போலத் தெரிய இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உறவு. ஒருவர் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தால், சொந்த ஊருக்குப் போய்த் தம்பியை அழைத்து வருவார். தம்பி மச்சானை அழைத்து வருவார். இப்படி உறவுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறினார்கள். திருவிழாவும் கூத்தும் கூடவே வந்தன. ஒரு வீட்டில் சாவு என்றால் லைன் முழுவதும் திரண்டது.

சுரங்க வேலை ஆபத்தானது. ஆழத்தில் பாறை திடீரென வெடித்துச் சரியும். மேலே ஊரே அதிரும். அப்போது எல்லா வீட்டுப் பெண்களும் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். உள்ளே இருப்பது யார் கணவர், யார் மகன் என்று தெரியாது. அந்தப் பயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆகவே மனிதர்கள் நெருங்கி வாழ்ந்தார்கள்.

மூன்றாவது காரணம் அங்குள்ள மேடுகள். ரயிலில் வருகிறவர்கள் தூரத்தில் குன்றுகளைப் பார்ப்பார்கள். இயற்கையான குன்று என்று எண்ணுவார்கள். அது குன்று அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு என்ற நஞ்சைக் கலந்து, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். அப்படிக் கொட்டிய மண் மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. பார்வைக்குக் கிராமத்துக் குன்று போல இருப்பது உண்மையில் தொழிற்சாலைக் கழிவு. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து ஓர் ஊரை எடை போடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கிராமத்தில் இல்லாதது அங்கே கிடைத்தது

தங்கவயல் பல வகையில் கிராமம் போல இருந்தது என்று பார்த்தோம். ஆனால் அங்கு வந்தவர்கள் மறுபடி சொந்தக் கிராமத்துக்குப் போய் வாழ விரும்பினார்களா? பெரும்பாலும் இல்லை. ஏன்?

கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது நல்லதுதான். ஆனால் சாதியும் தெரியும். ஒடுக்கப்பட்டவர் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றைத் தொடலாம் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். கூலி நெல்லாக வந்தது. சில நேரம் வராமலும் போனது.

சுரங்கத்தில் கூலி பணமாக வந்தது. அது குறைந்த கூலிதான். வேலை கடுமையானது. பாறைத் தூசி நுரையீரலைக் கெடுத்தது. ஆனாலும் கையில் காசு இருந்தால் தலை நிமிர்ந்து கடைக்குப் போகலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். பத்திரிகை வாங்கலாம். சங்கம் சேரலாம்.

அயோத்திதாசர் (1845-1914) சாதிக்கு எதிராக எழுதிய தமிழ் அறிஞர். அவர் வளர்த்த பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் தொடங்கிய "தமிழன்" இதழ் அவர் காலத்துக்குப் பின் கோலார் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள்.

நகரம் மனிதனுக்குத் தரும் பெரிய வசதி இதுதான். "நீ எந்தத் தெரு?" என்று கேட்பது குறைகிறது. "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்பது கூடுகிறது. சுரங்கத்திலும் மேல் கீழ் இருந்தது என்பது உண்மை. ஆனாலும் விட்டு வந்த ஊரைவிட அங்கே மூச்சு விட இடம் இருந்தது.

ஒரே தொழிலை நம்பிய ஊர்

தங்கவயலில் எல்லாம் சுரங்கத்தைச் சார்ந்தே இருந்தது. வீடு, தண்ணீர், விளக்கு, மருத்துவமனை எல்லாம் கம்பெனி தந்தது. சுரங்கத்தின் சங்கு ஊதினால் மக்கள் எழுந்தார்கள். சங்கு ஊதினால் வீடு திரும்பினார்கள்.

கம்பெனி கைகள் மாறின. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது.

ஆனால் ஆழம் போகப் போகச் செலவு கூடியது. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் சில கிராம்தான் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அப்போது வேலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அவர்களை நம்பியிருந்த கடைக்காரர், தையல்காரர், பால்காரர் எல்லோரும் பாதிக்கப்பட்டார்கள். குடியிருக்கும் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் எழுந்தது. அது பல ஆண்டுகள் நீடித்தது.

தங்கத்தால் பிறந்த இன்னொரு நகரத்தைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் என்ற நகரம் உண்டு. 1886-இல் அங்கு தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அந்த நகரமே தோன்றியது. தங்கவயலைவிடச் சில ஆண்டுகள் இளைய ஊர். அங்கும் சுரங்கத் தொழிலாளர்கள் மிகவும் துன்பப்பட்டார்கள். அங்கும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் ஜோகன்னஸ்பர்க் சுருங்கவில்லை. இன்று அந்நாட்டின் மிகப் பெரிய நகரம் அதுதான்.

காரணம் என்ன? தங்கத்தில் வந்த பணம் அங்கேயே வங்கியானது. ஆலையானது. வணிகமானது. ஒரு தொழில் நின்றாலும் வேறு தொழில்கள் தாங்கின. தங்கவயலின் தங்கமும் லாபமும் நெடுங்காலம் வெளியே போயின. ஊரில் மிஞ்சியது மண்மேடு.

தங்கவயலில் வேறு தொழிலே இல்லை என்று சொல்ல முடியாது. 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் ஆலை அங்கு இருக்கிறது. மண் அள்ளும் பெரிய எந்திரங்களை அது செய்கிறது. சுரங்கம் மூடிய பிறகும் அந்த ஆலை நடந்தது. ஆனால் எல்லோருக்கும் வேலை தர ஓர் ஆலையால் முடியாது.

காலை வண்டி

இன்று தங்கவயலில் விடியும் முன்பே ரயில் நிலையங்கள் நிரம்புகின்றன. ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறார்கள். கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். இரவில்தான் திரும்புகிறார்கள். போகவும் வரவும் நான்கைந்து மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. குழந்தை விழித்திருக்கும்போது அப்பாவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்ற வீடுகளும் உண்டு.

லைன் வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"தாத்தா, நம்ம ஊரு டவுனா, கிராமமா?"

"சங்கு ஊதின வரைக்கும் டவுனும்மா. இப்ப காலை வண்டி போயிட்டா கிராமம்."

"அப்ப ராத்திரி வண்டி வந்ததும்?"

"அப்பவும் டவுன்தான். ஆனா தூங்குற டவுன்."

தாத்தா சொல்வது சரி. பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் குழந்தைகளும். தெரு அமைதியாக இருக்கிறது. மரத்தடியில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர் இதைப் பார்த்து, "ஆகா, கிராமத்து அமைதி!" என்கிறார். அது வயலில் வேலை முடிந்து வந்த அமைதி அல்ல. ஊருக்குள் வேலை இல்லாததால் வந்த அமைதி.

பெயரில் என்ன இருக்கிறது?

ஊரை நகரம் என்றால் என்ன, கிராமம் என்றால் என்ன? இது வெறும் பேச்சு அல்ல. இதில் சோறு இருக்கிறது.

2005-இல் நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கிராமப்புறக் குடும்பம் கேட்டால் ஆண்டுக்கு 100 நாள் வேலை தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். நகரசபை எல்லைக்குள் வாழும் குடும்பங்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. வேலை இழந்து நான்கு ஆண்டு ஆகியிருந்த தங்கவயல் குடும்பம் அதைக் கேட்க முடியவில்லை. காரணம், காகிதத்தில் அவர்கள் ஊர் நகரம். நகரத்தின் வேலையும் இல்லை. கிராமத்தின் சலுகையும் இல்லை.

ஆனால் நகரம் என்ற பெயருக்கும் சில உரிமைகள் உண்டு. 1992-இல் அரசியல் சட்டத்தில் 74-ஆவது திருத்தம் செய்யப்பட்டது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, துப்புரவு போன்ற 18 பணிகளை நகரசபைகளிடம் ஒப்படைக்கலாம் என்று அது பட்டியல் இட்டது. நகரசபை உறுப்பினரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்கலாம். சாக்கடை நிரம்பி வழிந்தால் மனு எழுதலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த மனுவைத் தாங்களே எழுதலாம். பக்கத்து வீட்டாருக்கும் எழுதித் தரலாம்.

எதை வைத்துக்கொள்வது? எதைக் கேட்டுப் பெறுவது?

ஓர் ஊர் கிராமம் போல இருப்பது குறை அல்ல. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் தெரிந்துகொள்வது கிராமத்துக் குணம். சுரங்கம் மூடியபோது தங்கவயலில் பல குடும்பங்களைத் தாங்கியது அந்தக் குணம்தான். பெருநகரத்துக்கு வேலைக்குப் போனாலும் இரவு ஊர் திரும்ப வைப்பதும் அதுதான். அதை இழக்கக் கூடாது.

ஓர் ஊர் நகரமாக இருப்பதும் பெருமைக்காக அல்ல. பலவகை வேலை, நல்ல பள்ளி, மருத்துவமனை, சுத்தமான தண்ணீர், சாதி கேட்காத தெரு ஆகியவை கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அப்போதுதான் நகரம் என்ற பெயருக்குப் பொருள் உண்டு.

கிராமத்தின் உறவும் வேண்டும். நகரத்தின் வேலையும் வேண்டும். கோலார் தங்கவயல் மக்களிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவது அவர்களை விட்டுப் போனது. அதைத் திரும்பப் பெறுவதுதான் அந்த ஊரின் முன்னால் உள்ள வேலை. ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர்கள் நம் நாட்டில் இன்னும் பல உண்டு. அவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊர் நகரமா, கிராமமா? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?

2. உங்கள் ஊரில் எத்தனை வகையான தொழில்கள் நடக்கின்றன? எண்ணி எழுதுங்கள். அவற்றில் முக்கியமான ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும்?

3. வேலைக்காகத் தினமும் வெளியூர் போகிறவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்? அவர்கள் வழியில் செலவிடும் நேரம் எவ்வளவு?

4. உங்கள் பகுதிக்குத் தேவையான ஒரு வசதியைக் கேட்டு நகரசபைக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள். எழுதியதைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள்.